டிசைன் சிஸ்டம்: ஏரி வெட்டியாச்சு, தூர் வாருவது யார்?

பிரிட்டனில் கார் ஓட்டும் நம்மவர்களில் பெரும்பாலோர் இங்குள்ள சாலைப் பலகைகளைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்க வேண்டிய தேவையே வராது. லண்டனில் கிளம்பி ஸ்காட்லாந்து போய்ச் சேரும் வரை ஒரே எழுத்து, ஒரே மாதிரி அம்புக்குறி. மோட்டார்வே என்றால் நீலம், முக்கிய ஏ சாலை என்றால் பச்சை. மழையிலும் இருட்டிலும் எழுபது மைல் வேகத்தில் போகும்போதுகூட ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950களில் இந்த நாட்டின் பலகைகள் ஊருக்கு ஒரு வடிவம், அமைப்புக்கு ஒரு எழுத்து என்று கலவையாக இருந்தன. 1958இல் முதல் மோட்டார்வேயான பிரஸ்டன் பைபாஸ் திறக்கப்பட்டபோது, வேகமாகப் போகிறவர்கள் படிக்கும்படியான பலகைகள் வேண்டும் என்று ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் என்ற இரண்டு வடிவமைப்பாளர்களிடம் வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு வோர்பாய்ஸ் கமிட்டி, மற்ற எல்லாச் சாலைகளுக்கும் அவர்களையே வடிவமைக்க வைத்தது. 1965 ஜனவரி 1 முதல் புதிய முறை நாடு முழுவதும் அமலுக்கு வந்தது.

அவர்கள் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது பலகைகள் அல்ல, அவற்றுக்குப் பின்னால் இருந்த விதிமுறை. பலகை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை எழுத்தின் அளவே தீர்மானிக்கும். வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஓரத்தில் எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கும். எந்த ஊர் இன்ஜினியரும் அந்தக் கணக்கை வைத்துப் புதிய பலகை ஒன்றைத் தயாரிக்கலாம், அது மற்ற பலகைகளின் கூடப்பிறந்தது மாதிரியே இருக்கும்.

ஐ.டி. துறையில் நாங்கள் இதைத்தான் டிசைன் சிஸ்டம் என்கிறோம். அதைக் கட்டுவதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். பராமரிப்பதைப் பற்றியும், அது யாரையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பற்றியும் பேசுவது குறைவு. குறிப்பாகத் தமிழர்களாகிய நாம் பேசுவது மிகக் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அப்படின்னா என்ன?

ஐ.டி.யில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வங்கியின் ஆப்பைத் திறக்கிறீர்கள். பணம் அனுப்பும் பட்டன் பச்சை, வலது பக்கம். அதே வங்கியின் இணையதளத்தில் அதே பட்டன் நீலம், இடது பக்கம். கடன் விண்ணப்பம் போடப் போனால் அது ஆரஞ்சு நிறத்தில், வேறு பெயரில் இருக்கிறது. மூன்றையும் மூன்று டீம்கள் கட்டியிருக்கின்றன. ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே கதைதான். ஒரு நாள் உட்கார்ந்து கோடில் எத்தனை நீலம் இருக்கிறது என்று தேடினோம். கம்பெனியின் "அதிகாரபூர்வ நீலம்" என்று ஒன்றுதான் உண்டு. கிடைத்ததோ இருபதுக்கு மேல். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு டெவலப்பர் கண்ணளவில் பார்த்து, "ஏறத்தாழ இதுதான்" என்று போட்டது. பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நாளைக்கு நிறத்தை மாற்றச் சொன்னால் இருபது இடத்தில் தேட வேண்டும்.

டிசைன் சிஸ்டம் இதற்கு மருந்து. பட்டன், ஃபார்ம், எச்சரிக்கைச் செய்தி, மெனு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைப்பது. கூடவே எதை எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்ற விளக்கம். நிறத்தின் எண்ணை நேரடியாக எழுதாமல் "முதன்மை நிறம்", "எச்சரிக்கை நிறம்" என்று பெயர் வைத்து, அந்தப் பெயரையே எல்லா இடத்திலும் பயன்படுத்துவார்கள். இவற்றுக்கு டிசைன் டோக்கன் என்று பெயர். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் ஜினா ஆன் என்பவரும் அவருடைய சகாக்களும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை மாற்றினால் போதும், ஆப் முழுக்க மாறிவிடும்.

2011இல் ட்விட்டரின் பூட்ஸ்ட்ராப், 2013இல் பிராட் ஃப்ராஸ்ட் எழுதிய "அட்டாமிக் டிசைன்", 2014இல் கூகுளின் மெட்டீரியல் டிசைன் என்று வரிசையாக வந்த பிறகு, இன்று டிசைன் சிஸ்டம் இல்லாத பெரிய கம்பெனியைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் "இருக்கிறது" என்பதற்கும் "வேலை செய்கிறது" என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு.

ஓர் அரசாங்கம் செய்து காட்டியது

எனக்குத் தெரிந்து இந்த இடைவெளியை நன்றாக அடைத்த உதாரணம் ஒரு டெக் கம்பெனி அல்ல. பிரிட்டிஷ் அரசாங்கம்! அரசாங்க வெப்சைட் என்றாலே நமக்கு வரும் படபடப்பை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் என்பவர், அரசு தன் இணையச் சேவைகளை அடியோடு மாற்ற வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 2011இல் அரசு டிஜிட்டல் சேவை அமைப்பு உருவானது. 2012 அக்டோபரில் கவ்.யூகே தளம் வந்தது. அமைச்சகங்களோடு முந்நூறுக்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளின் தளங்களும் படிப்படியாக அதற்குள் வந்தன. லண்டன் டிசைன் மியூசியம் 2013இல் அதற்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருது கொடுத்தது. நாற்காலி, கட்டடம், கார் எல்லாம் போட்டி போடும் விருதை ஓர் அரசாங்க வெப்சைட் வாங்கியது. அந்தத் தளத்தின் எழுத்துரு, சாலைப் பலகைக்காகக் கின்னியரும் கால்வர்ட்டும் வரைந்த அதே எழுத்தின் புதிய வடிவம். அதை உருவாக்கியதிலும் கால்வர்ட்டுக்குப் பங்கு உண்டு.

2018இல் அதுவரை தனித்தனியாக இருந்த கருவிகளையெல்லாம் ஒன்றாக்கி கவ்.யூகே டிசைன் சிஸ்டம் என்று வெளியிட்டார்கள். கோடு திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். என்.எச்.எஸ். தன் டிசைன் சிஸ்டத்தை அதன் மேல்தான் கட்டியது.

அதில் உள்ள ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். பிறந்த தேதி கேட்கும் இடம். பல தளங்களில் காலண்டர் ஒன்று திறக்கும். 1948இல் பிறந்த ஒரு பாட்டி அதில் மாதம் மாதமாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கவ்.யூகேயில் மூன்று எளிய கட்டங்கள்: நாள், மாதம், வருடம். நீங்களே டைப் செய்துகொள்ளலாம். பார்க்க "மாடர்ன்" ஆக இருக்காது. ஆனால் தனக்குத் தெரிந்த ஒரு தேதியை எழுத யாருக்கும் காலண்டர் தேவையில்லை என்பதை மக்களை உட்கார வைத்துச் சோதித்துத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவு அது.

இன்னொன்று. எண்களைக் கேட்கும் கட்டத்துக்கு ஹெச்.டி.எம்.எல்.லில் "நம்பர்" என்றே ஒரு வகை உண்டு. அதைப் போடுவதுதானே முறை என்று எந்த டெவலப்பரும் நினைப்பார். 2020இல் கவ்.யூகே டீம் அதைக் கைவிட்டது. காரணம், அந்தக் கட்டத்தில் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண் தானாகக் கூடிக் குறைந்துவிடுகிறது. குரலால் கம்ப்யூட்டரை இயக்குபவர்களின் மென்பொருள் சிலவற்றுக்கு அந்தக் கட்டம் சரியாகப் பிடிபடுவதில்லை. தன் சம்பளத்தை அடித்துவிட்டு, கீழே போக மவுஸை உருட்டியவரின் சம்பளம் அவருக்கே தெரியாமல் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தால் என்ன ஆகும்? வரி விண்ணப்பத்தில் அது வேடிக்கை இல்லை. அதனால் சாதாரண எழுத்துக் கட்டத்தையே வைத்து, மொபைலில் மட்டும் எண் கீபோர்டு வரும்படி மாற்றினார்கள்.

ஒவ்வொரு அரசுத் துறையும் இதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எத்தனை வருடம் ஆகும்? இங்கே ஒரு டீம் கண்டுபிடித்தது, ஓர் இடத்தில் திருத்தியது, வெர்ஷனை அப்டேட் செய்த எல்லாச் சேவைகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. டிசைன் சிஸ்டத்தின் முழு மதிப்பும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை எடுக்கும் முடிவு நூறு மடங்காகிறது.

தப்பான முடிவும் அதே நூறு மடங்காகும். அங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடும் கம்ப்யூட்டர்

வெளிநாட்டில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். "ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்" என்ற இரண்டு கட்டங்கள் நமக்குக் கொடுத்த தொல்லைக்குக் கணக்கில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. அப்பாவின் பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அது விரிந்து ஏதோ ஒரு கட்டத்தில் போய் உட்காரும். முத்துக்குமார் என்பவர் பல்பொருள் அங்காடி ஆப்பில் பதிவு செய்தால், "வணக்கம் சுப்பிரமணியன்" என்று மின்னஞ்சல் வரும். அது அவருடைய அப்பா பெயர்!

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம். சில இடங்களில் சிரிக்க முடியாது. இனிஷியலை மட்டும் லாஸ்ட் நேமாக வைத்திருப்பவர் "எஸ்" என்று அடித்தால், "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்று ஃபார்ம் திருப்பி அனுப்பும். கணவனுக்கு ஒரு கடைசிப் பெயர், மனைவிக்கு வேறு, பிள்ளைகளுக்கு வேறு என்பதால் "நீங்கள் ஒரே குடும்பம்தானா?" என்று கேட்கப்படும். அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் "எஃப்.என்.யூ." என்ற மூன்றெழுத்தே தன் பெயராகிப்போனவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியப் பயணிகளுக்கு விசிட் விசாவில் அமீரகம் வரக் கட்டுப்பாடு என்று அறிவிப்பு வந்தபோது, வளைகுடாவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு பதறின என்பது பலருக்கு நினைவிருக்கும்.

விசா விதி வேறு, வெப்சைட் ஃபார்ம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: மனிதர்களுக்கு இரண்டு பெயர் இருக்கும், அதில் இரண்டாவது குடும்பத்துடையது. இந்த எண்ணத்தை யாரோ ஒரு டெவலப்பர் ஒரு "பெயர்" காம்பொனென்டாக எழுதி, கம்பெனியின் டிசைன் சிஸ்டத்தில் போட்டுவிட்டால், அதன் பிறகு அந்தக் கம்பெனி கட்டும் ஒவ்வொரு ஃபார்மிலும் நாம் மாட்டிக்கொள்வோம்.

கவ்.யூகே டிசைன் சிஸ்டம் இதில் என்ன சொல்கிறது தெரியுமா? எல்லாருடைய பெயரும் முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற அமைப்பில் அடங்காது, முடிந்தால் "முழுப் பெயர்" என்று ஒரே கட்டம் வையுங்கள் என்கிறது. திரு, திருமதி என்று கேட்பதைத் தவிருங்கள் என்றும் சொல்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், உலகின் பெயர் முறைகள் எப்படியெல்லாம் வேறுபடுகின்றன என்று வெகுநாள் முன்பே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தீர்வு யாருக்கும் தெரியாததல்ல. அதை ஒவ்வொரு டிசைன் சிஸ்டத்துக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும்.

திறப்பு விழாவோடு முடிந்துவிடுகிறது

இப்போது கம்பெனிகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டிசைன் சிஸ்டம் வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்யும். ஆறேழு பேர் கொண்ட டீம், ஒரு வருடம், அழகான பெயர், லோகோ. திறப்பு விழா நாளில் கேக் வெட்டுவார்கள், டி-ஷர்ட் கொடுப்பார்கள். அடுத்த பட்ஜெட்டில், "அதான் கட்டியாச்சே, இன்னும் எதுக்கு இத்தனை பேர்?" என்று கேள்வி வரும். டீம் இரண்டு பேராகச் சுருங்கும். பிறகு ஒருவர். அவரும் வேலை மாறிப் போய்விடுவார்.

அதற்கப்புறம் நடப்பது கண்கூடு. ஒரு புராடக்ட் டீமுக்குப் புதிதாக ஒன்று தேவைப்படும். கேட்டால் பதில் வராது. "நாமே போட்டுக்கலாம்" என்று நகலெடுத்து மாற்றிக்கொள்வார்கள். இரண்டு வருடத்தில் மறுபடியும் இருபது நீலம். அதன் பிறகு புதிதாக வரும் டைரக்டர், "இங்கே ஒரு டிசைன் சிஸ்டம் வேண்டும்" என்பார்!

ஏரி வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், தூர் வாரியவர் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் தூர் வாராத ஏரி எத்தனை வருடம் தண்ணீர் பிடிக்கும்? நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றே தனியாக ஒரு குழு வருகிறது. குடவோலையில் ஆள் எடுத்து, ஒரு வருடப் பதவி கொடுத்து, ஏரியைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். வெட்டுவது ஒருநாள் வேலை, பார்த்துக்கொள்வது எந்நாளும் வேலை என்று புரிந்துகொண்ட நிர்வாகம் அது.

டிசைன் சிஸ்டத்துக்கும் ஏரி வாரியம் வேண்டும். கவ்.யூகேயில் அது இருக்கிறது. புதிய காம்பொனென்ட் ஒன்றை எந்தத் துறையினரும் முன்மொழியலாம். முன்மொழிவு எல்லாரும் பார்க்கும்படி பொதுவெளியில் இருக்கும். அது உண்மையிலேயே பலருக்கும் பயன்படுமா, ஏற்கெனவே இருப்பதையே திருப்பிச் செய்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு பல துறைகளிலிருந்து வந்தவர்கள் அடங்கிய ஒரு குழு, அது பயனர்களிடம் சோதிக்கப்பட்டதா, மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா, வெவ்வேறு சேவைகளுக்குப் பொருந்துமா என்று பார்த்து முடிவு செய்யும். மைய டீம் மட்டும் உட்கார்ந்து சட்டம் போடுவதில்லை.

என் அனுபவத்தில், உயிரோடு இருக்கும் டிசைன் சிஸ்டங்களில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, நிரந்தர டீம். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் புராஜெக்ட் முடிந்ததும் கலைக்கப்படக் கூடாது. டிசைனர், டெவலப்பர், எழுத்து வேலை தெரிந்தவர், அக்சஸிபிலிட்டி தெரிந்தவர் நால்வரும் இருந்தால் நல்லது.

இரண்டாவது, ஒழுங்கான வெர்ஷன். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், உங்கள் கோடில் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பது. பழைய காம்பொனென்டை நீக்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி அவகாசம் கொடுப்பது. இராத்திரியோடு இராத்திரியாக மாற்றினால் அடுத்த அப்டேட்டை ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது, "ஏன்" என்பதைப் பதிவு செய்வது. தேதிக்கு ஏன் மூன்று கட்டம் என்று எழுதிவைக்காவிட்டால், அடுத்து வரும் புத்திசாலி டிசைனர் அழகான காலண்டரைக் கொண்டுவந்துவிடுவார். காரணம் எழுதப்படாத விதி, ஆள் மாறியதும் போய்விடும்.

நான்காவது, கேட்டால் பதில். இது டெக்னிக்கல் விஷயமே இல்லை. ஒரு டீம் சந்தேகம் கேட்டு மூன்று வாரம் பதில் வராவிட்டால், அவர்கள் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழில் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

பெயர்க் கட்டம் மட்டும்தானா? நம் மொழிக்கே வருவோம். தமிழ் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழி. தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் தினமும் போனில் பயன்படுத்தும் மொழி. ஆனால் நான் பார்த்த டீம்களில், ஒரு காம்பொனென்டைத் தமிழில் போட்டுச் சோதித்த டீம் மிகக் குறைவு. ஆங்கிலம், பிறகு ஜெர்மன், அரபி. அதோடு "சர்வதேசம்" முடிந்துவிடும்.

தமிழில் போட்டால் என்ன ஆகும்? "சப்மிட்" ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. அதையே "சமர்ப்பிக்கவும்" என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து, யூனிகோட் கணக்கில் பதினைந்து. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பட்டனில் இது அடங்காது. கடைசி இரண்டு எழுத்து வெளியே தொங்கும், அல்லது வெட்டுப்படும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு ஏற்ப இறுக்கியிருந்தால், மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். தலைப்பெல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால்தான் தலைப்பு என்று தெரியும் என்றால், பெரிய எழுத்தே இல்லாத தமிழில் தலைப்பு எது, உள்ளடக்கம் எது என்று எப்படித் தெரியும்?

இன்னொரு வேடிக்கை. புகைப்படம் இல்லாதவர்களுக்கு ஒரு வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுவார்கள் அல்லவா? பல இடங்களில் அந்த கோடு பெயரின் முதல் யூனிகோட் குறியை மட்டும் எடுக்கும். அதனால் கோபால் "க" ஆகிவிடுவார், மீனா "ம" ஆகிவிடுவார், சிவா "ச" ஆகிவிடுவார். கொம்பும் காலும் காணாமல் போகும். இதைச் சரிசெய்யும் வசதி, எழுத்தை எழுத்தாகப் பிரிக்கும் "செக்மென்டர்", இன்று முக்கியமான எல்லா பிரவுசர்களிலும் இருக்கிறது. ஒருமுறை டிசைன் சிஸ்டத்தில் மாற்றினால் எல்லா ஆப்பிலும் மீனா மறுபடி "மீ" ஆகிவிடுவார். சில வரி கோடுதான்.

சொற்களிலும் இதே கதை. ஓர் ஆப்பில் "உள்நுழைக", இன்னொன்றில் "புகுபதிகை", மற்றொன்றில் "லாகின்". ஒரே நிறுவனத்தின் தளத்திலேயே மூன்றும் வருவதைப் பார்க்கலாம். நிறத்துக்கு விதி இருக்கும்போது சொல்லுக்கு விதி இருக்கக் கூடாதா? ஊரில் இருக்கும் அம்மா போனை வைத்துக்கொண்டு, "தம்பி, இதுல எதை அமுக்கணும்?" என்று வீடியோ காலில் கேட்பது அவருக்குப் படிக்கத் தெரியாததால் அல்ல. அவர் படிக்கும் சொல் இடத்துக்கு இடம் மாறுவதால்தான்.

"கிரியேட்டிவிட்டி போய்விடுமே?"

டிசைனர் நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் எதிர்ப்பு இது. எல்லாமே ஒரே மாதிரி ஆகிவிடும், கற்பனைக்கு இடமில்லை என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு திரைப்பட விளம்பரத் தளத்துக்கோ இசை ஆப்புக்கோ வரி அலுவலகத்தின் முகம் தேவையில்லை. ஆனால் ஓய்வூதியம் விண்ணப்பிக்கிறவர் உங்கள் கற்பனையை ரசிக்க வரவில்லை. அவருக்கு வேலை முடிய வேண்டும். பட்டன் எப்படி இருக்க வேண்டும் என்று நூறாவது முறை வாதாடும் நேரத்தை, அந்த ஓய்வூதியக் கேள்வியை எப்படி எளிதாகக் கேட்பது என்று யோசிப்பதில் செலவிடலாம். கற்பனை தேவைப்படும் இடம் அதுதான்.

இப்போது வந்திருக்கும் இரண்டாவது வாதம், "ஏ.ஐ.யே ஸ்கிரீனைப் போட்டுத் தருகிறதே, இனி டிசைன் சிஸ்டம் எதுக்கு?" என்பது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. முன்பு பத்துப் பேர் பத்து விதமாகப் போட்டார்கள். இப்போது ஒரே ஆள் ஒரு மத்தியானத்துக்குள் பத்து விதமாகப் போட முடிகிறது. எதை எடுக்க வேண்டும் என்ற விதி தெளிவாக எழுதப்பட்டிருந்தால் ஏ.ஐ.யும் அதைப் பின்பற்றும். எழுதப்படாவிட்டால் இணையத்தில் அதிகமாகக் கண்டதைத்தான் அது திருப்பித் தரும். அந்த "அதிகம்" என்பதில் இரண்டு பெயர்க் கட்டங்கள் நிச்சயம் இருக்கும், தமிழ் இருக்காது.

சட்டமும் இறுகிக்கொண்டு வருகிறது. பிரிட்டனில் பொதுத்துறைத் தளங்கள் மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. ஐரோப்பாவின் அக்சஸிபிலிட்டி சட்டம் 2025 ஜூன் 28 முதல் வங்கி, இணைய வர்த்தகம் போன்ற தனியார் சேவைகளுக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு ஸ்கிரீனையும் தனித்தனியாகச் சரிசெய்வது என்பது ஆகாத காரியம். டிசைன் சிஸ்டத்தில் சரிசெய்வதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. பட்ஜெட்டைப் பிடித்து வைத்திருக்கும் மேனேஜரிடம் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

நம் கையில் இருப்பது

லண்டன் வங்கியின் பட்டனுக்கு ஓ.எம்.ஆரில் கோடு எழுதப்படுகிறது. டொராண்டோ காப்பீட்டு நிறுவனத்தின் ஃபார்மைக் கோயம்புத்தூரில் சோதிக்கிறார்கள். சிங்கப்பூர், சிட்னி, டல்லஸ் என்று எங்கே போனாலும் டீமில் ஒரு தமிழர் இருப்பார். உலகம் பயன்படுத்தும் திரைகளைக் கட்டும் வேலையில் நாம் ஓரமாக இல்லை, நடுவில்தான் இருக்கிறோம். பெயர்க் கட்டத்தைப் பற்றிய கூட்டத்தில், "எங்க ஊர்ல குடும்பப் பெயர் கிடையாது" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பல நேரம் நாமாகத்தான் இருப்போம். அந்த நேரத்தில் "நமக்கெதற்கு, டிக்கெட்டில் சொன்னபடி செய்துவிட்டுப் போவோம்" என்று இருந்துவிட்டால், வேறு யாரும் நமக்காக அதைச் சொல்லப் போவதில்லை.

இதற்குப் பெரிய பதவி தேவையில்லை. உங்கள் கம்பெனியின் டிசைன் சிஸ்டத்தில் பெயர் கேட்கும் கட்டத்தைத் திறந்து, உங்கள் தாத்தாவின் பெயரை அவர் எழுதும் விதத்திலேயே அடித்துப் பாருங்கள், ஒரே ஓர் எழுத்து இனிஷியலோடு. பிறகு அதே பட்டனில் "சமர்ப்பிக்கவும்" என்று போட்டுப் பாருங்கள். எங்கே உடைகிறதோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, என்ன நடந்தது, யார் பாதிக்கப்படுவார்கள், என்ன மாற்றினால் சரியாகும் என்று மூன்று வரி எழுதி டிக்கெட் போடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.